அம்மாவுக்கு ஐஸ் கண்ணு

"கோலி உருட்டவா பாப்பா கப்பலேறிப் போறே?" என்று கேட்டார் மாமா. நான் ஸ்வீடனுக்குக் கிளம்பிய வாரம் அது. மாமா என் அம்மாவின் தம்பி. பூம்புகாரில் விசைப்படகு ஓட்டுகிறவர். அங்கே போய் என்ன படிக்கப்போகிறாய் என்று அவர்தான் கேட்டார். நானும் நேர்மையாகச் சொன்னேன். "கண்ணுக்குள்ள லென்ஸ்னு ஒண்ணு இருக்கு மாமா. அதுல தண்ணி போக மிச்சம் பூரா புரதம். ஒவ்வொரு புரதத்தையும் பசை தடவின ஒரு கோலின்னு வச்சுக்கிட்டு, அதுங்க எப்ப ஒட்டும், எப்ப விலகும்னு கணக்குப் போடப்போறேன்." வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "அதை இங்கயே உருட்டலாமே, கோலி நான் வாங்கித் தாரேன்!"

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய அன்று அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே மாமா போனில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை. "ஒங்கம்மா கண்ணுப்பொரை ஆபரேசனுக்குக் குடுத்த தேதிக்குப் போவல. கேட்டா, தானா தெளிஞ்சுரும்னு எம்பொண்ணே சொல்லிட்டான்னு நிக்கிறா. நீ என்ன பாப்பா சொல்லித் தொலைச்சே?"

நான் சொன்னது இதுதான். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் கன்றுக்குட்டியின் லென்ஸ் ஒன்றைக் குளிரவைத்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது, பால் மாதிரி வெளுத்துவிட்டது. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால், மறுபடி கண்ணாடி. கோலிக் கணக்கு சொன்னபடியே நடந்தது. சூடு இருந்தால் கோலிகள் துள்ளி விலகிச் சீராகப் பரவி நிற்கும், வெளிச்சம் நேராகப் போகும். குளிர்ந்தால் பசை ஜெயிக்கும், கோலிகள் கும்பல் கும்பலாகக் கூடும், வெளிச்சம் சிதறும். அந்தச் சந்தோஷத்தில் வீடியோ காலில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் "அப்படியா" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஊருக்குப் போக விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று போட்டேன். சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்றா எழுத முடியும்?

தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி முதலில் செய்தது, நின்றபடியே ஒரு காபி குடித்தது. டம்ளரின் சூடு விரலைச் சுட்டபோதுதான் வந்து சேர்ந்ததாகப் பட்டது. ஸ்வீடனில் காபிக்குப் பெரிய கோப்பை கொடுப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், பேசாமல். இங்கே கடைக்காரர் மூன்று மிடறு காபிக்குள் என் ஊர், படிப்பு, கல்யாணம் மூன்றையும் விசாரித்துவிட்டார்.

மயிலாடுதுறை பக்கம் குறுவை அறுவடை முடியும் நேரம். தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது. ஈர நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, எங்கள் பேருந்து ஹாரன் அடித்தும் நகரவில்லை.

"ரோடு ஒங்க வூட்டுதா?" என்றார் டிரைவர்.

"நெல்லு ஒங்க வூட்டுக்குத்தான் போவுது! பொறுமையாத்தான் போங்களேன்."

டிரைவர் ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி, நெல்லை மிதிக்காமல் ஓட்டிப் போனார். பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் மொத்தமாக என் மேல் சரிந்தார், "பயப்படாதே, இது தினம் நடக்குறதுதான்" என்று சொல்லி அப்படியே இருந்துகொண்டார். ஸ்வீடன் பேருந்தில் பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தாலே அது விசேஷம்.

பூம்புகாரில் அம்மா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் முகத்தில் நேராக அடித்தது. கண்ணை மூடவில்லை. நான் பையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"யாரு, சந்திரா மவளா? ஒங்கம்மா வலைக்கூடத்துக்குப் போயிருக்கா" என்றாள்.

"நான்தாம்மா" என்றேன்.

கையை நீட்டி என் முகத்தைத் தேடினாள். கன்னம், காது, பின்னல். அப்புறம் ஒரு அடி போட்டாள். "வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நின்னா யாருன்னு தெரியும்? தள்ளுடி, வெயில் காயுறேன்."

அம்மாவின் சித்தாந்தம் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. சூரை மீனைப் பிடித்து ஐஸில் போட்டால், மறுநாள் அதன் கண் நடுவில் வெள்ளை விழும். மீன்காரப் பெண்கள் அதை ஐஸ் கண்ணு என்பார்கள். அது கெட்ட மீன் இல்லை. வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் வெள்ளை போய்விடும். கெட்ட மீனின் கண் வேறு. அது குழி விழுந்து, மங்கி, என்ன செய்தாலும் தெளியாது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாதவள் மீன் விற்க முடியாது.

"வயசுக்கு வந்த நாள்லேருந்து ஐஸ் பொட்டி மேல மூஞ்சியக் கவுத்துக்கிட்டுக் கெடக்கேன். கண்ணு குளுந்து போச்சு. ஐஸ் கண்ணு. வேற என்ன? நீயுந்தானே சொன்னே, கன்னுக்குட்டிக் கண்ணு சூட்டுல தெளிஞ்சுதுன்னு" என்றாள் அம்மா.

அதனால்தான் வெயில். குளிர்ந்த தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். ராத்திரி தலையில் துண்டு கட்டிக்கொண்டு படுக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவள் என் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகப் புரிந்துகொண்டு, தப்பான கண்ணுக்குப் போட்டுவிட்டாள்.

மறுநாள் விடியும்போது அவளோடு ஏலத்துக்குப் போனேன். படகுகள் வந்து நிற்க, கூடை கூடையாக மீனை மணலில் கொட்டினார்கள். அம்மா குனிந்து செவுளைப் புரட்டி விரலால் தடவினாள், வயிற்றை அமுக்கினாள், மோந்தாள். அப்புறம் தலையைத் திருப்பாமல் மெல்ல, "கண்ணு எப்புடி இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். ஏலக்காரருக்குக் கேட்காத குரல். இத்தனை நாள் யாரிடம் கேட்டிருப்பாள்? கேட்காமலே வாங்கியிருப்பாளோ? படகை ஒட்டி நின்ற மாமாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன்காரப் பெண்கள் சேர்ந்து பிடித்த குட்டியானை மினி லாரியில், மயிலாடுதுறை தாண்டிக் குத்தாலம் போனோம். பேருந்தில் மீன் கூடையை ஏற்றமாட்டார்கள், வாடை என்பார்கள். வண்டியின் பின்னால் அலுமினிய அன்னக்கூடைகளுக்கு நடுவே ஆறு பேர் உட்கார்ந்தோம். ஒருத்தி என் கையை எடுத்துப் பார்த்து, "வெளிநாட்டுல குளிர்ல இருக்கே, இன்னும் வெளுக்கலியே?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

குத்தாலம் சந்தையில் அம்மாவின் இடம், நுழைந்ததும் வலது பக்கம், தூணை ஒட்டிய சிமெண்டு மேடை. வயல்காரக் குடும்பத்துப் பெண்கள் உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். அம்மா சாக்கை விரித்தாள், ஐஸ் பெட்டியைத் திறந்தாள், ஒரு சூரையை எடுத்து என் முன்னால் மேடையில் வைத்தாள்.

"பாரு. நல்லா பாரு."

கண்ணுக்கு நடுவில் பால் துளி மாதிரி ஒரு வெள்ளை. வெயில் அதன் மேல் விழுந்தது. அம்மா ஒரு கிலோ கிழங்கான் மீனை நிறுத்துப் போட்டாள். யாரோ ஒரு வாத்தியார் வீட்டம்மாவோடு சண்டை போட்டு, சமாதானமாகி, நாலு மீன் கூடப் போட்டாள். அதற்குள் சூரையின் கண் ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கோலிகள் ஒவ்வொன்றாக விலகுவது எனக்குத் தெரிந்தது. கணினித் திரையில் நூறு தடவை பார்த்ததுதான், ஆனால் சந்தை மேடையில் ஈ மொய்க்கும் ஒரு மீனின் கண்ணில் அது நடந்தபோது உடம்பு சிலிர்த்தது.

"தெளிஞ்சுதா?"

"தெளிஞ்சுதும்மா."

"அப்பறம் என்ன?" என்று வெற்றியோடு சிரித்தாள். அந்த நிமிஷம் அவளிடம் வாதாட எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன். ஒரு புரதத்தில் ஆயிரக்கணக்கில் அணுக்கள் இருக்கின்றன. நான் அத்தனையையும் விட்டுவிட்டு உருண்டையாக்குவது, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான். எப்போது ஒட்டும், எப்போது விலகும்? என் கோலிகளுக்கு வயசு கிடையாது. ஆனால் நிஜப் புரதத்துக்கு உண்டு. ரத்தம் மாறும், தோல் மாறும். லென்ஸின் நடுவில் இருப்பது மட்டும் நாம் பிறப்பதற்கு முன்பே உண்டானது, கடைசி வரைக்கும் அதேதான். வயசாக ஆக அதன் மடிப்புக் குலைந்துபோகும். உள்ளே இருந்தது வெளியே வரும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் சூடுபடுத்தினாலும் பிரியாது. சுருக்கமாக, "ரெண்டும் வெள்ளைதாம்மா, ஆனா வேற வேற வெள்ளை" என்றேன்.

"வெள்ளையில என்னடி ரெண்டு வெள்ளை" என்று சொல்லிவிட்டு அம்மா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அடுத்த நாள் சந்தைக்கு விடுமுறை. அம்மா சூரைத் தலை போட்டுக் குழம்பு வைத்தாள். ஸ்வீடனில் மீனைத் தலையில்லாமல், தோலில்லாமல், கண்ணாடித் தாளில் சுற்றி விற்கிறார்கள். எந்த மீன் என்று கேட்டால் பின்னால் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். இங்கே தட்டிலிருந்து தலை என்னைப் பார்த்தது. சின்ன வயசிலிருந்து செய்வது போலவே அம்மா கண்ணைத் தோண்டி என் சோற்றில் வைத்தாள். கடித்தால் உள்ளே உருண்டையாக ஒன்று பல்லில் தட்டுப்படும். அதைத் துப்பிவிடுவோம்.

அன்றைக்குத் துப்பவில்லை. எடுத்து, கழுவி, அவள் உள்ளங்கையில் வைத்தேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக ஒரு மணி.

"இது என்ன தெரியுதாம்மா?"

விரலால் உருட்டினாள். "கண்ணு முழி."

"இதுவும் சூரைதான். இதையும் வெயில்ல வச்சுப் பாரு."

அம்மா என்னை முறைத்தாள். ஆனால் வைத்தாள். கையைக் கழுவி, அந்த மணியை ஒரு கிண்ணத்தில் போட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பாத்திரம் கழுவினேன். எட்டிப் பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது எடுத்து, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், திரும்ப வைப்பாள். படிப்படியாக வெயில் நகர, கிண்ணத்தையும் நகர்த்தினாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட யாரும் ஒரு சோதனையை இத்தனை பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு காக்கா வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"போச்சு" என்றாள் அம்மா. பிறகு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "தெளியலடி" என்றாள். காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, "அப்ப என் கண்ணு வெந்து போச்சுன்றியா?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வேகலம்மா. வருசக்கணக்கா, மெதுவா, அது மாதிரி ஆயிருக்கு. அவ்வளவுதான்."

"எதனால?"

"வயசு. அப்பறம் வெயில்லயே நிக்கிறதும் ஒரு காரணம்."

அம்மா சட்டென்று முந்தானையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து, "அதை மொதல்ல சொல்லமாட்டே?" என்று ஒரு குரல்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. முந்தானைக்குள்ளிருந்தே அம்மா பேசிக்கொண்டு போனாள். ஆபரேஷன் பண்ணினால் கூடை தூக்கக் கூடாதாம். குனியக் கூடாதாம். கண்ணில் தண்ணி படக் கூடாதாம். மீன் வெட்டினால் தெறிக்காமல் இருக்குமா? "நான் ஒரு வாரம் போவலேன்னா பக்கத்துல ஒருத்தி சாக்கை நகர்த்துவா. ரெண்டாவது வாரம் அவ அங்கயே உக்காந்துருவா. அப்பறம் நான் போய் நின்னா, எந்த மூலையிலடி உக்காருவேன்? கண்ணு தெரிஞ்சு என்ன, எடம் இல்லாம?"

ஐஸ் கண்ணு அவள் நம்பியதுதான், பொய் இல்லை. ஆனால் அவள் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததற்குக் காரணம் தூணை ஒட்டிய அந்த மேடை.

"நான் உக்கார்றேன்" என்றேன்.

முந்தானை கீழே இறங்கியது. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "அதுக்காடி படிக்க வச்சேன்? ஒன் கையில செதிலு ஒட்டக் கூடாதுன்னுதான் நான் தனியா தூக்கினேன். இன்னொரு வாட்டி சொன்னே, பல்லை ஒடச்சுருவேன்."

ஆனாலும் என்னோடு தஞ்சாவூர் வந்தாள். டாக்டரைப் பார்க்க மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வழியில் மழை. அறுவடை மிஷின் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போக, எங்கள் பேருந்து கும்பகோணம் வரை அதன் பின்னாலேயே மாடு மாதிரி நடந்தது. கண் ஆஸ்பத்திரியில் பெரிய வரிசை. எங்களுக்கு முன்னால் குத்தாலத்துப் பக்கம் வயல் வைத்திருக்கும் ஒரு பெண்மணி, கூடவே அவர் வீட்டுக்காரர். அவருக்குத்தான் கண்புரை.

"பாலுக்கு ஊத்துறதும் பொரை, கண்ணுல விழுறதும் பொரை. எவன் பேரு வச்சான்?" என்று அலுத்துக்கொண்டார் அந்தப் பெண்மணி.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். புரை மோர் ஊற்றியதும் பாலில் இருக்கும் புரதம் ஒன்றோடொன்று கூடித் தயிராகிறது. லென்ஸில் இருக்கும் புரதம் கூடிக் கண்ணை மறைக்கிறது. இரண்டுக்கும் நான் போடுவது ஒரே மாதிரிக் கணக்கு. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. வந்திருப்பதில் அளவில்லாத சந்தோஷம். அவர் வீட்டுக்காரர், "என் கண்ணு தயிராப் போனதுல இந்தப் பொண்ணுக்கு என்ன சிரிப்பு?" என்றார்.

டாக்டர் என் வயசுப் பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் விட்டால் கெட்டியாகிவிடும், எடுப்பது கஷ்டம் என்றார். அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், "இதைத்தாங்க எம்பொண்ணு வெளிநாட்டுல படிக்கிறா" என்றாள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தது போல. டாக்டர் ஆர்வமாகத் திரும்பினார். "அப்படியா? சொட்டு மருந்து விட்டே கரைக்க வழி வருமா?"

அம்மாவின் தலை என் பக்கம் திரும்பியது. என் படிப்பில் எந்தத் தேர்வுக்கும் நான் இப்படி யோசித்ததில்லை. வரும் என்று சொன்னால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். வராது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

"வரலாம். எங்களுக்கு இன்னும் தெரியாது. எங்கம்மாவுக்கு அது வரைக்கும் காத்திருக்க நேரம் இல்லை" என்றேன்.

அம்மா என்னைக் கைகாட்டினாள். "அதுக்கே தெரியலங்குது. நீங்க எடுத்துருங்கம்மா" என்றாள் டாக்டரிடம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மடியில் கிடந்த தன் முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நீலமாடி?"

"ஆமாம்மா."

"பச்சைன்னுல்ல வாங்கினேன்! கடைக்காரன் ஏமாத்திட்டான்!" என்றாள் ஆத்திரத்தோடு. நான் அவள் காலடியில் உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகிப் போய் நீலத்தை உள்ளே விடாது என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்றைக்கு அவள் யாரையாவது திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.

இப்போது அம்மா பூம்புகாரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சந்திரா அத்தை சோறு பொங்கிப் போடுகிறார். என் பேராசிரியருக்கு எழுதி விடுப்பை நீட்டிக்கொண்டேன். இன்று காலை மாமா ஏலத்தில் எடுத்துக் கொடுத்த கூடையோடு குட்டியானையில் ஏறினேன். அவரே கூடையைத் தூக்கிவிட்டார், அவ்வளவுதான். குத்தாலத்தில் தூணை ஒட்டிய மேடையில் பக்கத்து மல்லிகா அக்காவின் சாக்கு ஒரு முழம் உள்ளே வந்திருந்தது. "நகருங்கக்கா" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்ச பொண்ணு. வெட்டத் தெரியுமா?"

"நீங்க சொல்லித் தாங்க."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லக்கா."

அவர் தன் சாக்கைச் சுருட்டி இழுத்துக்கொண்டார். நான் அம்மாவின் சாக்கை விரித்து, அரிவாள்மனையைக் காலடியில் அழுத்தி, மல்லிகா அக்கா சொல்லச் சொல்ல, வந்து நின்ற ஒரு வயல்கார அம்மாவுக்கு முதல் மீனைச் செதில் எடுத்து வெட்டிக் கொடுத்தேன்.